வேகத்தை எப்படிச் சந்தேகிப்பது?

2024 அக்டோபர் 13 அன்று சிகாகோ மாரத்தானில் கென்யாவின் ரூத் செப்ன்கெடிச் 42.195 கிலோமீட்டரை 2 மணி 9 நிமிடம் 56 விநாடியில் ஓடி முடித்தார். 2 மணி 10 நிமிடத்துக்குள் மாரத்தான் ஓடிய முதல் பெண் அவர். எத்தியோப்பியாவின் டிகிஸ்ட் அசெஃபா அதற்கு முந்தைய ஆண்டு பெர்லினில் படைத்திருந்த 2:11:53 என்ற உலக சாதனையை ஏறக்குறைய இரண்டு நிமிடம் முந்திவிட்டார். சிகாகோவில் இரண்டாவதாக வந்த வீராங்கனை எல்லைக்கோட்டைத் தொட அவருக்குப் பின் மேலும் ஏழரை நிமிடம் ஆனது.

அன்றைய செய்தியாளர் சந்திப்பிலேயே ஊக்கமருந்து பற்றிய பேச்சு எழுந்தது. இந்த நேரத்தை நம்ப மறுப்பவர்களுக்கு என்ன சொல்வீர்கள் என்று ஒரு செய்தியாளர் கேட்டார். கென்யாவில் பலர் அந்தக் கேள்வியை நாட்டுக்கே நேர்ந்த அவமதிப்பாக எடுத்துக்கொண்டார்கள். ஐந்து மாதம் கழித்து, 2025 மார்ச் 14 அன்று அவரிடம் எடுக்கப்பட்ட சிறுநீர் மாதிரியில் ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற தடைசெய்யப்பட்ட மருந்து இருந்தது. ஜூலையில் தற்காலிக இடைநீக்கமும் அக்டோபரில் மூன்றாண்டுத் தடையும் வந்தன. ஆனால் சிகாகோ சாதனை ரத்தாகவில்லை.

இந்த முடிவு ஓட்டத்தை நேசிப்பவர்களை இரண்டு அணியாகப் பிரித்திருக்கிறது. நேரத்தைப் பார்த்த அன்றே தெரிந்துவிட்டது, இனி எந்தச் சாதனையையும் நம்புவதற்கில்லை என்கிறார்கள் ஒரு சாரார். சாதனை ரத்தாகவில்லை என்றால் சிகாகோவில் அவர் நேர்மையாகத்தான் ஓடினார் என்று பொருள் என்கிறார்கள் மற்றொரு சாரார். இரண்டு வாதமுமே கையில் இருக்கும் ஆதாரத்தைத் தாண்டிப் பேசுகின்றன. ஒரு வேகம் எப்போது சந்தேகத்துக்கு உரியது, அந்தச் சந்தேகம் எந்த அளவுக்குச் செல்லும், எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதை நிதானமாகப் பிரித்துப் பார்த்தால் இந்தக் குழப்பத்தின் பெரும்பகுதி விலகும்.

எண்கள் எழுப்பும் கேள்வி

பெண்கள் மாரத்தானின் வரலாற்றை நான்கு எண்களில் சொல்லிவிடலாம். 2003 ஏப்ரலில் லண்டனில் பிரிட்டனின் பவுலா ராட்கிளிஃப் 2:15:25 ஓடினார். அதை முறியடிக்க 16 ஆண்டு ஆனது. 2019 அக்டோபரில் சிகாகோவில் கென்யாவின் பிரிஜிட் கோஸ்கெய் ஓடிய 2:14:04, அந்தப் பழைய சாதனையிலிருந்து 81 விநாடியைக் குறைத்தது. அடுத்த நான்கு ஆண்டில் அசெஃபா 131 விநாடி குறைத்தார். அதற்கடுத்த ஒரே ஆண்டில் செப்ன்கெடிச் 117 விநாடி குறைத்தார். 16 ஆண்டு அசையாமல் நின்ற ஒரு சாதனை ஐந்தே ஆண்டில் ஐந்தரை நிமிடம் இறங்கியிருக்கிறது.

ஆண்களின் கணக்கு வேறு. 2018இல் எலியுட் கிப்சோகே பெர்லினில் 2:01:39 ஓடினார். 2022இல் அவரே அதை 2:01:09 ஆக்கினார். 2023இல் கெல்வின் கிப்டும் சிகாகோவில் 2:00:35 ஓடினார். ஐந்து ஆண்டில் மொத்த முன்னேற்றம் 64 விநாடி.

செப்ன்கெடிச்சின் சொந்தக் கணக்கு இன்னும் கூர்மையானது. சிகாகோவுக்கு முன் அவருடைய சிறந்த நேரம் 2:14:18. அதுவும் 2022இல் அதே சிகாகோவில் ஓடியதுதான். அவர் புதிதாக வந்த வீராங்கனை அல்லர். 2019இல் தோஹாவில் உலகச் சாம்பியன் ஆனவர். பல ஆண்டு முன்னணியில் இருந்தவர். பல ஆண்டு உச்சத்தில் ஓடிய ஒருவருக்கு நான்கு நிமிடத்துக்கும் மேலான முன்னேற்றம் எளிதில் வாய்ப்பதில்லை. அன்றைய பந்தயத்தின் முதல் பாதியை அவர் 1:04:16இல் கடந்தார். அரை மாரத்தான் மட்டுமே ஓடிய ஒரு நாளில், 2021இல் இஸ்தான்புல்லில், அவர் எட்டிய சிறந்த நேரம் 1:04:02. அது அப்போது உலக சாதனை. அதாவது தன் வாழ்நாள் சிறந்த நேரத்தைவிட 14 விநாடி மட்டுமே கூடுதலாக எடுத்துப் பாதித் தூரத்தை ஓடிவிட்டு, மீதிப் பாதியையும் 1:05:40இல் முடித்திருக்கிறார்.

இந்தக் கணக்கைப் பார்த்து ஓட்டம் அறிந்தவர்கள் புருவம் உயர்த்தியதில் தவறில்லை. அந்தப் புருவ உயர்வு எந்த நாட்டின் மீதும் கொண்ட வெறுப்பிலிருந்து வர வேண்டியதில்லை, கணக்கிலிருந்தே வரலாம். அந்தக் கேள்வியைக் கேட்ட செய்தியாளர் தன் வேலையைத்தான் செய்தார். ஆனால் ஒரு கணக்கு விளக்கம் கேட்கிறது என்பதால் விளக்கம் ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும் என்று ஆகிவிடாது. மருந்தில்லாமல் எவ்வளவு வேகம் கூடியிருக்க முடியும் என்பதை முதலில் கணக்கில் எடுக்க வேண்டும்.

மருந்தில்லாத வேகம்

முதல் விளக்கம் ஷூ. 2017இல் நைக்கி நிறுவனம் வேப்பர்ஃப்ளை என்ற ஷூவைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அடித்தட்டில் தடித்த, ஆனால் எடையற்றதுபோல் லேசான நுரைப்பொருள். அதன் நடுவே வளைந்த கார்பன் தகடு. கால் தரையில் பதியும்போது அந்த நுரை அமுங்கி, பெற்ற ஆற்றலின் பெரும்பகுதியைத் திருப்பித் தருகிறது. அன்றைய சிறந்த பந்தய ஷூக்களோடு ஆய்வகத்தில் ஒப்பிட்டபோது, ஒரே வேகத்தில் ஓட ஏறத்தாழ 4 சதவீதம் குறைவான ஆற்றலே தேவைப்பட்டது. 4 சதவீத ஆற்றல் மிச்சம் என்பது 4 சதவீத வேகமாக மாறிவிடாது. காற்றின் எதிர்ப்பு போன்றவை அதில் ஒரு பகுதியை விழுங்கிவிடும். ஆனாலும் உச்ச மட்டத்தில் சில நிமிடங்கள் குறைவதற்கு அது போதும்.

இப்போது ஏறக்குறைய எல்லா நிறுவனங்களிடமும் இத்தகைய ஷூ இருக்கிறது. 2023இல் அசெஃபா பெர்லினில் அணிந்த அடிடாஸ் ஷூ ஒவ்வொன்றும் 138 கிராம்தான். போட்டி எல்லை மீறுவதைக் கண்ட உலகத் தடகள அமைப்பு, 2020இல் அடித்தட்டின் தடிப்பு 40 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, ஒரு தகடுக்கு மேல் கூடாது என்று விதி வகுத்தது. இந்த ஷூக்கள் வந்த பிறகான நேரங்களை ஆராய்ந்தவர்கள், முன்னணிப் பெண்களின் முன்னேற்றம் ஆண்களுடையதைவிடப் பெரிது என்பதையும் கண்டார்கள். ஆண், பெண் சாதனைகளுக்கு இடையே நாம் மேலே கண்ட வேறுபாட்டில் ஒரு பங்கு இதனால் வந்திருக்கலாம்.

இரண்டாவது விளக்கம் உணவு. மாரத்தானின் கடைசி 10 கிலோமீட்டரில் உடலில் சேமித்த சர்க்கரை தீர்ந்துபோய்க் கால்கள் கட்டிப்போவது இந்த ஓட்டத்தின் பழைய சாபம். மணிக்கு 60 கிராம் மாவுச்சத்துக்கு மேல் வயிறு ஏற்காது என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். இப்போது பானங்களின் சேர்மானம் மாறி, வயிற்றையும் பழக்கிக்கொண்டு, 90 கிராமும் அதற்கு மேலும் எடுத்துக்கொள்கிறார்கள். இதனால் முதல் பாதியின் வேகத்தை இரண்டாம் பாதியிலும் காப்பாற்ற முடிகிறது. முந்தைய தலைமுறைக்கு இது அரிதாகவே முடிந்தது.

மூன்றாவது விளக்கம் துணை ஓட்டக்காரர்கள். சிகாகோ, பெர்லின் போன்ற கலப்புப் பந்தயங்களில் முன்னணிப் பெண்களுக்கு ஆண்கள் கடைசிவரை வேகம் அமைத்துக் கொடுக்கலாம், காற்றையும் மறைக்கலாம். லண்டனில் முன்னணிப் பெண்கள் தனியாகப் புறப்படுகிறார்கள். அதனால்தான் பெண்கள் மட்டும் ஓடும் பந்தயங்களுக்கு உலகத் தடகள அமைப்பு தனிச் சாதனை வைத்திருக்கிறது. 2:11:53 ஓடிய அதே அசெஃபா, 2025 ஏப்ரலில் லண்டனில் 2:15:50 ஓடியபோது அந்தத் தனிப் பட்டியலில் அது சாதனையாகப் பதிவானது.

இந்த மூன்றையும் சேர்த்தால், ராட்கிளிஃபின் காலத்து 2:15 இன்று 2:12க்கு அருகில் வருவதை மருந்தின் துணையில்லாமலே புரிந்துகொள்ளலாம். ஆனால் இவை எல்லாருக்கும் கிடைக்கும் வசதிகள். ஒரே பந்தயத்தில், அதே போன்ற ஷூவும் பானமும் கொண்ட மற்றவர்களைவிட ஒருவர் ஏழரை நிமிடம் முன்னே போவதை இவற்றைக் கொண்டு முழுதாக விளக்கிவிட முடியாது. பொதுவான முன்னேற்றத்துக்கான விளக்கம் வேறு, ஒரு தனிமனிதரின் பாய்ச்சலுக்கான விளக்கம் வேறு. பெரும்பாலான வாக்குவாதங்கள் இந்த இரண்டையும் கலப்பதால்தான் முடிவில்லாமல் நீள்கின்றன.

ரத்தத்தில் நடப்பது

நெடுந்தூர ஓட்டத்தில் மருந்து செய்யும் வேலையைப் புரிந்துகொள்ள ரத்தத்திலிருந்து தொடங்க வேண்டும். தசைக்கு ஆக்சிஜனைச் சுமந்து செல்பவை சிவப்பணுக்கள். அவை கூடினால் களைப்பில்லாமல் தாங்கக்கூடிய வேகமும் கூடும். சிறுநீரகம் சுரக்கும் எரித்ரோபொய்டின், சுருக்கமாக ஈபிஓ, எலும்பு மஜ்ஜையிடம் மேலும் சிவப்பணுக்களை உண்டாக்கச் சொல்லும் இயக்குநீர். கென்யாவின் இடென் ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஆக்சிஜன் குறைவு என்பதால் உடலே கூடுதலாக ஈபிஓ சுரக்கிறது. உலக ஓட்டக்காரர்கள் அந்த மலையூரைத் தேடிப் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அதே ஈபிஓவைச் செயற்கையாகத் தயாரித்து, சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்துகொள்பவர்களின் ரத்தசோகைக்குக் கொடுக்கிறார்கள். லட்சக்கணக்கான நோயாளிகளை நடமாட வைக்கும் நல்ல மருந்து அது. ஆரோக்கியமான ஓட்டக்காரர் போட்டுக்கொண்டால் மலையில் பல வாரம் பயிற்சி செய்தும் கிடைக்காத அளவு சிவப்பணுக்கள் சேர்ந்துவிடும். ரத்தம் தடித்து உறைந்து உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம்.

மாரத்தான் உலகம் இதை ஏட்டில் மட்டும் படிக்கவில்லை. பாஸ்டனையும் சிகாகோவையும் வென்ற கென்யாவின் ரீட்டா ஜெப்டூ 2014இல் ஈபிஓவில் சிக்கினார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஜெமிமா சும்கோங் அடுத்த ஆண்டே அதே மருந்தில் சிக்கினார். ஆண்கள் மாரத்தானின் முன்னாள் உலக சாதனையாளர் வில்சன் கிப்சாங், சோதனைக்கு இருக்க வேண்டிய இடத்தில் இல்லாததற்காகவும் பொய்யான சாட்சியங்கள் கொடுத்ததற்காகவும் 2020இல் நான்காண்டுத் தடை பெற்றார். இத்தனை நடந்த பிறகு சந்தேகமே கூடாது என்று ரசிகரிடம் சொல்வது அவருடைய அனுபவத்தை மறுப்பதாகும்.

சோதனை சொல்வதும் சொல்லாததும்

சிறுநீரில் ஈபிஓவைக் கண்டறியும் முறை 2000 சிட்னி ஒலிம்பிக்கில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் சிறு சிறு அளவாக நரம்பு வழியே செலுத்திக்கொண்டால் அதன் தடம் ஓரிரு நாளில் மறைந்துவிடுகிறது. சிவப்பணுக்களோ பல வாரம் தங்கி வேலை செய்கின்றன. மருந்து போய்விடும், பலன் நிற்கும். ஆகவே பந்தய நாளில் எடுக்கும் சோதனைக்குப் பயன் குறைவு. பயிற்சிக் காலத்தில், முன்னறிவிப்பின்றி எடுக்கும் சோதனைதான் முக்கியம். இதற்காகத்தான் முன்னணி வீரர்கள் ஒவ்வொரு நாளும் எந்த ஒரு மணி நேரம் எங்கே இருப்போம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். 12 மாதத்தில் மூன்று முறை தவறினால் அதுவே குற்றம்.

மருந்தைத் தேடாமல் மருந்தின் விளைவைத் தேடும் இன்னொரு முறை உண்டு. உயிரியல் பாஸ்போர்ட் என்ற அந்த முறை தடகளத்தில் 2009இல் வந்தது. நம் வீடுகளில் இருக்கும் மின்கணக்கு அட்டையைப் போன்றது அது. இந்த மாதம் அளவு எகிறியிருக்கிறதா என்று அறியப் பக்கத்து வீட்டு அட்டையைப் பார்ப்பதில்லை. அதே வீட்டின் பழைய மாதங்களைத்தான் பார்க்கிறோம். ஒரு வீரரின் ஹீமோகுளோபின் அளவையும் இளம் சிவப்பணுக்களின் விகிதத்தையும் ஆண்டுக்கணக்கில் குறித்து வைக்கிறார்கள். வெளியிலிருந்து ஈபிஓ போட்டால் இளம் அணுக்கள் பெருகும். நிறுத்தியதும், ரத்தம் ஏற்கெனவே நிறைந்திருப்பதால், உடல் புதிய உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். ஹீமோகுளோபின் உயர்ந்தும் இளம் அணுக்கள் தாழ்ந்தும் இருக்கும். அவருடைய வழக்கமான வரம்பைத் தாண்டிய இந்த வடிவத்தை, மலைப்பயிற்சி, நீரிழப்பு, நோய் போன்ற காரணங்களால் விளக்க முடியாது என்று மூன்று நிபுணர்கள் ஒருமித்துச் சொன்னால்தான் வழக்கு தொடரும்.

இந்த முறையால் சிக்கியவர்களில் ஒருவர் ரஷ்யாவின் லிலியா ஷோபுகோவா. 2011இல் சிகாகோவில் 2:18:20 ஓடி அந்தக் காலத்தின் மிக வேகமான பெண்களில் ஒருவராக இருந்தவர். ஆனால் இந்த முறைக்கும் எல்லை உண்டு. தன் வரம்புக்குள் அளவு நிற்கும்படி மிகச் சிறிய அளவில் மருந்தைப் பயன்படுத்துபவரைப் பிடிப்பது கடினம். அமெரிக்க ஓட்டக்காரி மரியன் ஜோன்ஸ் எத்தனையோ சோதனைகளைக் கடந்து வந்தவர். அவரை வீழ்த்தியது சோதனைக்கூடம் அல்ல, ஊக்கமருந்து வழங்கிய பால்கோ ஆய்வகத்தைப் பற்றிய அரசு விசாரணை. 2007இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு, சிட்னி ஒலிம்பிக்கில் வென்ற ஐந்து பதக்கங்களையும் இழந்தார்.

எனவே, சோதனையில் சிக்கவில்லை என்ற சொற்றொடருக்கு உரிய பொருளை மட்டுமே கொடுக்க வேண்டும். அந்த நாளில், அந்த நேரத்தில், தேடிய பொருள் அந்த மாதிரியில் கிடைக்கவில்லை என்பதே அதன் பொருள். அதைத் தூய்மைக்கான சான்றிதழாக நீட்டுவதும் தவறு. ஒன்றுக்கும் உதவாதது என்று தள்ளுவதும் தவறு. ஆண்டுக்கணக்கில், எதிர்பாராத நேரங்களில், பலமுறை எடுத்தும் மாறாத பதிவு என்றால் அதன் மதிப்பு ஒவ்வொரு சோதனையோடும் கூடுகிறது.

சிகாகோ சாதனை ஏன் நிற்கிறது

இந்த அடிப்படையோடு செப்ன்கெடிச்சின் வழக்குக்கு வருவோம். அவரிடம் கிடைத்தது ஈபிஓ அல்ல. ஹைட்ரோகுளோரோதயசைடு சிறுநீரைப் பெருக்கும் மருந்து. ரத்த அழுத்தத்துக்காக நம் ஊரில் தினமும் விழுங்கப்படும் மாத்திரைகள் பலவற்றில் இருப்பது. அது யாரையும் வேகமாக ஓட வைக்காது. சிறுநீரை நீர்த்துப்போகச் செய்து வேறு மருந்துகளின் தடத்தை மறைக்க உதவும் என்பதால்தான் அது எல்லாக் காலத்திலும் தடைசெய்யப்பட்டிருக்கிறது. வேறு மாத்திரைகளில் தற்செயலாகக் கலந்த துளியால் ஒருவர் தண்டிக்கப்படக் கூடாது என்பதற்காக, மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் புகாரளிப்பதில்லை. அவருடைய மாதிரியில் இருந்ததாக மதிப்பிடப்பட்ட அளவு 3,800. வரம்பைப்போல் 190 மடங்கு.

முதலில் அவரால் இதற்கு விளக்கம் தர முடியவில்லை. பிறகு, உடல்நலமில்லாதபோது வீட்டுப் பணிப்பெண்ணின் மருந்தை என்னவென்று பார்க்காமல் எடுத்துக்கொண்டதாகச் சொன்னார். ஊக்கமருந்துச் சோதனையையும் விசாரணையையும் நடத்தும் தடகள நேர்மைப் பிரிவு அந்த விளக்கத்தை நம்பத் தகுந்ததாகக் கருதவில்லை. அவ்வளவு அனுபவமுள்ள ஒருவர் என்ன மருந்து என்று பார்க்காமல் விழுங்குவதே பொறுப்பற்ற செயல் என்று கண்டு, நான்காண்டுத் தடைக்கு உரிய குற்றமாக எடுத்துக்கொண்டது. குற்றத்தை ஒப்புக்கொண்டதால் ஓராண்டு குறைந்தது.

ஓட்டக்காரரின் உடலுக்குள் போகும் எதற்கும் ஓட்டக்காரரே பொறுப்பு என்பது இந்த விளையாட்டின் அடிப்படை விதி. இதன் கடுமையைத் தமிழ்நாடும் அறியும். 2019இல் தோஹாவில் ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரில் தங்கம் வென்ற திருச்சி மாவட்டத்துக் கோமதி மாரிமுத்து, நாண்ட்ரோலோன் சோதனையில் சிக்கி நான்காண்டுத் தடை பெற்றார். தெரிந்து எதையும் எடுக்கவில்லை என்று அவர் சொன்னது தீர்ப்பை மாற்றவில்லை.

அப்படியானால் சிகாகோ சாதனை ஏன் நிற்கிறது? குற்றம் நிரூபிக்கப்பட்ட மாதிரி 2025 மார்ச் 14இல் எடுக்கப்பட்டது. அந்த நாளிலிருந்துதான் அவருடைய முடிவுகள் ரத்தாகும். அதற்கு முந்தைய ஒரு நாளை ரத்து செய்ய, அந்த நாளுக்கு உரிய தனி ஆதாரம் வேண்டும். மார்ச்சில் நடந்த தவறு அக்டோபரிலும் நடந்திருக்கும் என்று நமக்குத் தோன்றலாம். தோன்றுவதை ஆதாரமாக ஏற்கும் நீதிமன்றம் நமக்கு எதிராகவும் ஒருநாள் அதையே செய்யும். எனவே இந்த விதி சரியானது. சாதனை நிற்கிறது என்பதற்கு, அது ரத்தாகும் அளவுக்கு ஆதாரம் வரவில்லை என்பதற்கு மேல் பொருள் இல்லை. மாதிரிகளைப் பத்தாண்டு வரை பாதுகாத்து, புதிய முறைகள் வரும்போது மறுபடி சோதிக்க விதி இடம் கொடுக்கிறது. இதற்குக் காலம் எடுக்கும். தீர்ப்பை அவசரப்பட்டு நாம் எழுதிவிட வேண்டியதில்லை.

வேகம் மட்டுமே சாட்சியானால்

வேகமே போதிய சாட்சி என்று வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும். அசெஃபா 2016 ரியோ ஒலிம்பிக்கில் 800 மீட்டர் ஓடியவர். 2022இல் ரியாத்தில் ஓடிய மாரத்தானில் அவருடைய நேரம் 2:34:01. அதே ஆண்டு செப்டம்பரில் பெர்லினில் 2:15:37. ஒரே ஆண்டில் 18 நிமிட முன்னேற்றம். செப்ன்கெடிச்சின் பாய்ச்சலைவிட இது பல மடங்கு பெரியது. ஆனால் இவருடைய முதல் எண் ஒரு புதிய தூரத்தில் எடுத்த முதல் முயற்சி. அடுத்தது முழுத் தயாரிப்போடு, வேகமான பாதையில், நல்ல வானிலையில் ஓடியது. நடுத்தூர வேகம் கொண்ட ஒருவர் நெடுந்தூரத்துக்குப் பழகும்போது தொடக்கத்தில் பெரிய தாவல்கள் வருவது இயல்பு. தொடக்கநிலையாளரின் தாவலையும், பல ஆண்டு உச்சத்தில் ஓடியவரின் தாவலையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

கிப்டுமையும் எண்ணிப் பாருங்கள். 2022 டிசம்பரில் வலென்சியாவில் முதல் மாரத்தானையே 2:01:53இல் ஓடினார். அடுத்தது 2:01:25, அதற்கடுத்தது 2:00:35. மூன்று மாரத்தானில் உலகின் உச்சிக்குப் போனவர், 2024 பிப்ரவரியில் சாலை விபத்தில் 24 வயதில் இறந்துபோனார். அவர் மீது எந்தக் குற்றமும் நிரூபிக்கப்பட்டதில்லை. வேகத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பெழுதினால், பதில் சொல்ல இனி வர முடியாத ஒருவரையும் அந்தத் தீர்ப்பு தீண்டும்.

கென்யா என்ற பெயரையே குற்றமாக்குவதிலும் இதே அநியாயம் இருக்கிறது. அந்த நாட்டின் ஓட்டக்காரர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் தடை பெற்றிருக்கிறார்கள் என்பது உண்மை. உலக அளவில் ஓடும் திறமைசாலிகள் அங்கே மற்ற எந்த நாட்டையும்விட அதிகம் என்பதும், சோதனை கூடக் கூடச் சிக்குபவர்கள் கூடுவார்கள் என்பதும் உண்மை. 2022இல் முழு நாட்டுக்கும் தடை வரும் என்ற நிலை வந்தபோது, கென்ய அரசு ஆண்டுக்கு 50 லட்சம் டாலர் வீதம் ஐந்து ஆண்டுக்கு ஊக்கமருந்துத் தடுப்புக்குச் செலவிட ஒப்புக்கொண்டது. அதிகம் பேர் பிடிபடுவது நோய் இருப்பதற்கும் அடையாளம், மருத்துவம் தொடங்கியதற்கும் அடையாளம்.

யாருடைய இழப்பு

ஊக்கமருந்தைப் பற்றிய பேச்சு சிக்கியவரைச் சுற்றியே நடக்கிறது. அவருக்குப் பின்னால் வந்தவரை நாம் மறந்துவிடுகிறோம். 2014 பாஸ்டன் மாரத்தானில் ஜெப்டூவுக்கு அடுத்ததாக 2:19:59இல் ஓடி வந்தவர் எத்தியோப்பியாவில் பிறந்து நியூயார்க்கில் வாழ்ந்த புசுனேஷ் தெபா. அவர்தான் வெற்றியாளர் என்ற அறிவிப்பு 2016இல் வந்தது. வெற்றியாளருக்குரிய பரிசுத்தொகையோ பல ஆண்டு அவர் கைக்கு வரவில்லை. எல்லைக்கோட்டில் நாடாவை அறுக்கும் கணமும், அன்று கூடியிருந்தவர்களின் ஆரவாரமும், அதையொட்டி வரும் விளம்பர ஒப்பந்தங்களும் எந்தத் தீர்ப்பாலும் திரும்பி வருவதில்லை. மாரத்தான் ஓட்டக்காரர் ஆண்டுக்கு இரண்டு பெரிய பந்தயம் ஓடுவதே அதிகம். ஒரு வெற்றியை இழப்பது என்பது பல ஆண்டு உழைப்பின் கூலியை இழப்பது.

பணத்தையும் பேசியாக வேண்டும். 2024 சிகாகோவில் முதல் பரிசு 1,00,000 டாலர். பந்தயப் பாதையின் சாதனையை முறியடித்தால் மேலும் 50,000. ஷூ நிறுவனங்கள் தருவது தனி. பயிற்சி முகாமில் நூறு பேர் ஒரே கனவோடு ஓடும் ஊரில், இந்தத் தொகை ஒரு குடும்பத்தின் தலைமுறையையே மாற்றும். அந்த அழுத்தத்தைப் புரிந்துகொள்வது குற்றத்தை மன்னிப்பதாகாது. ஆனால் மருந்தை வாங்கிக் கொடுத்தவரும், விற்ற மருந்துக்கடைக்காரரும், கண்டும் காணாமல் இருந்த முகவரும் தப்பிவிட்டு, ஓட்டக்காரர் மட்டும் தண்டிக்கப்பட்டால் அடுத்த ஓட்டக்காரர் அதே வலையில் விழுவார்.

விளையாட்டை ஆள்பவர்களும் இந்தக் குற்றத்தில் பங்கு வகித்த வரலாறு உண்டு. ஷோபுகோவா தன் சோதனை முடிவை மறைக்க 4,50,000 யூரோ கொடுத்ததாகச் சொன்னது, உலகத் தடகளத்தின் தலைமையையே உலுக்கிய ஊழலை வெளிக்கொணர்ந்தது. அந்த அமைப்பின் முன்னாள் தலைவர் லாமின் தியாக் 2020இல் பாரிஸ் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றார். சோதனையையும் விசாரணையையும் தலைமையின் பிடியிலிருந்து பிரித்துத் தடகள நேர்மைப் பிரிவு என்ற தனி அமைப்பு 2017இல் உருவானதற்கு இந்த ஊழலே காரணம். அதற்குப் பிறகு பெரிய பெயர்கள் அடுத்தடுத்துச் சிக்கியிருப்பது தற்செயல் அல்ல.

இனி வேண்டியது

2025 செப்டம்பரில் பெர்லின் மாரத்தானுக்கு முன் கென்யாவின் சபாஸ்டியன் சாவே ஒரு புதிய வழியைக் காட்டினார். தன்னை வழக்கத்தைவிட அதிகமாகச் சோதிக்கும்படி அவரும் அவருடைய அணியும் தடகள நேர்மைப் பிரிவிடம் கேட்டுக்கொண்டார்கள். அடிடாஸ் நிறுவனம் 50,000 டாலர் கொடுத்தது. இரண்டு மாதத்தில் 25 சோதனை. அதன் பிறகு கடும் வெயிலில் 2:02:16 ஓடி வென்றார். இதனால் அவர் தூய்மையானவர் என்பது கணிதம்போல் நிரூபணமாகிவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் சந்தேகத்துக்குக் கோபத்தால் பதில் சொல்லாமல், தன் ரத்தத்தைத் திறந்து காட்டிப் பதில் சொன்னார். நேர்மையான ஓட்டக்காரருக்குக் கேள்வி எதிரியாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

இதை ஒருவருடைய தனிப்பட்ட பெருந்தன்மையாக விட்டுவிடக் கூடாது, விதியாக்க வேண்டும். உலக சாதனையை அங்கீகரிக்கும்போதே, அதற்கு முந்தைய ஓராண்டில் அந்த வீரரிடம் எத்தனை முறை, பந்தயத்துக்கு வெளியே எத்தனை முறை, ரத்தமும் சிறுநீரும் எடுக்கப்பட்டன என்பதை உலகத் தடகள அமைப்பு வெளியிட வேண்டும். போதிய சோதனை இல்லாத சாதனையை அங்கீகரிக்கும் முன் காத்திருக்க வேண்டும். இந்தச் செலவில் பெரும்பங்கை, சாதனைகளால் லாபம் பார்க்கும் பந்தய அமைப்பாளர்களும் ஷூ நிறுவனங்களும் ஏற்க வேண்டும். பறிக்கப்பட்ட பரிசு உரியவருக்குச் சேர்வதற்குக் குற்றவாளியிடம் வசூலாகும்வரை காத்திருக்கக் கூடாது. அமைப்பாளரே முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு வசூலிக்கட்டும்.

ரசிகர்களான நமக்கும் ஒரு கடமை உண்டு. அசாதாரணமான நேரத்தைக் காணும்போது மூன்று கேள்விகளைக் கேட்கப் பழகலாம். இவருடைய முந்தைய ஆண்டுகளோடு இது எப்படிப் பொருந்துகிறது? ஷூ, பாதை, வானிலை, துணை ஓட்டம் ஆகியவற்றைக் கழித்தால் மிச்சம் எவ்வளவு? அந்த மிச்சத்தைச் சோதிக்க வேண்டியவர்கள் சோதித்தார்களா? முதல் இரண்டு கேள்விகளும் ஓட்டக்காரரைப் பற்றியவை. மூன்றாவது கேள்வி அமைப்பைப் பற்றியது. பெரும்பாலும் அதைத்தான் நாம் கேட்காமல் விடுகிறோம். தன் வேலையைச் செய்யாத அமைப்பு, குற்றம் செய்தவரைத் தப்பவிடுகிறது. குற்றம் செய்யாதவர் மீதும் நிழல் விழ விடுகிறது. நேர்மையாக ஓடுபவர்களின் பெயரைக் காப்பாற்ற வேண்டுமானால், சந்தேகத்தை நம் வாயில் வைத்துக்கொண்டிருப்பதைவிட, அதைச் சோதித்து முடிக்க வேண்டியவர்களின் மேசையில் வைத்து, பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்பதுதான் வழி.